பழைய டீசல் ஜீப்பில் டர்போ குளிர்விப்பும் சைலன்சர் மாற்றமும்
செலவு செய்யுமுன் வணிகர்கள் அறிய வேண்டியவை



ஏலக்காய், மிளகு, காபி, மலைப்பூண்டு என்று மேட்டிலிருந்து சரக்கு இறக்குகிறவர்களுக்கும், மலையூர்க் கடைகளுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் ஏற்றி அனுப்புகிறவர்களுக்கும் வண்டி என்பது தராசுக்கு அடுத்த தொழிற்கருவி. தார்ச்சாலை உள்ள வரை லாரி போகும். அதற்கு மேல் தோட்டப் பாதையில் ஏறுவது பழைய ஃபோர் வீல் டீசல் ஜீப்தான். பத்துப் பதினைந்து ஆண்டு உழைத்த அந்த வண்டியை விற்கவும் மனம் வராது. விற்றால் நல்ல விலையும் கிடைக்காது. புது வண்டிக்குப் போட வேண்டிய முதலோ அதிகம். ஆகவே, "இருக்கிற வண்டியையே கொஞ்சம் தேற்றி ஓட்டினால் என்ன?" என்ற எண்ணம் நம்மில் பலருக்கு வருகிறது. அது நியாயமான எண்ணமே.

பட்டறைக்குப் போனால் மூன்று யோசனை சொல்வார்கள். ஒன்று, இண்டர்கூலர் வைப்பது. இரண்டு, சைலன்சர் குழாயைப் பெரிதாக்குவது. மூன்று, டீசல் பம்பைக் "கொஞ்சம் ஏற்றி" விடுவது. இவற்றில் முதல் இரண்டும் காற்றைப் பற்றியவை. மூன்றாவது டீசலைப் பற்றியது. செலவில் மிகக் குறைந்தது மூன்றாவது யோசனைதான். நஷ்டத்தில் மிகப் பெரியதும் அதுவே. இந்த ஒன்றை மட்டும் வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொண்டால் இக்கட்டுரை எழுதிய பயன் எனக்குக் கிடைத்துவிடும்.

நான் என்ஜினியர் அல்லன், மொத்த வியாபாரி. மலைச் சரக்குத் தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வண்டி வைத்து ஓட்டியதிலும், பம்ப் நாசில் கடைக்காரர்கள், ரேடியேட்டர் வேலை செய்வோர் ஆகியோரிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதிலும், நம் போன்றோருக்குப் பயன்படக் கூடியதை எழுதுகிறேன். இது டர்போ உள்ள பழைய டீசல் வண்டிகளைப் பற்றியது மட்டுமே. 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ். 6 வண்டிகளில் எல்லாம் சென்சாரும் கம்ப்யூட்டரும். அவற்றில் கை வைக்கவே கூடாது.

டர்போ செய்கிற வேலை

டீசல் என்ஜின் ஒரு அடுப்பு போன்றது. விறகு டீசல், ஊதுகிற காற்று டர்போ. ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.5 கிலோ காற்று வேண்டும். நடைமுறையில் கரும்புகை இல்லாமல் எரிய 18, 20 கிலோ காற்றாவது இருக்க வேண்டும். டர்போ இல்லாத என்ஜின் தானாக உறிஞ்சுகிற காற்றை மட்டுமே நம்பி இருக்கிறது. டர்போ உள்ள என்ஜினிலோ, வெளியேறும் சூட்டுப்புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளுகிறது. வீணாகப் போகும் புகையின் வேகத்தைக் கொண்டே காற்று ஊதுகிற இந்த ஏற்பாட்டுக்கு 1905-இல் உரிமம் பெற்றவர் ஆல்ஃபிரட் பூசி என்ற சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர். ஜீப் அளவு வண்டிகளின் டர்போ தண்டு முழு வேகத்தில் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும்.

மலைக்கு டர்போ ஏன் அவசியம் என்பதற்கும் காரணம் உண்டு. மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. டர்போ இல்லாத வண்டி அங்கே அந்த அளவுக்குச் சோர்ந்துபோகும். டர்போ உள்ள வண்டி அந்தக் குறையில் பெரும்பங்கை ஈடுகட்டிக்கொள்ளும்.

காற்று சூடாவதால் வரும் நஷ்டம்

சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை எல்லோரும் தொட்டு அறிந்திருப்போம். காற்றை அமுக்கினால் அது சூடாகும். டர்போவிலும் அப்படியே. வெளியே 35 டிகிரி வெயில் என்று வைத்துக்கொள்வோம். டர்போ 0.7 பார் அழுத்தம், அதாவது சுமார் 10 பவுண்டு, கொடுத்தால் உள்ளே போகிற காற்று கணக்குப்படி 110 டிகிரிக்கு மேல் சூடாகிவிடும்.

சூடான காற்று விரிந்த காற்று. இதை நம் கணக்கில் சொன்னால் எளிதாக விளங்கும். டர்போ இல்லாதபோது ஒரு கிடங்கில் 100 மூட்டை கொள்கிறது என்போம். 0.7 பார் அழுத்தத்தில் 170 மூட்டை கொள்ள வேண்டும். ஆனால் மூட்டைகள் சூட்டில் உப்பிப்போவதால் 136 மூட்டைதான் உள்ளே போகிறது. 34 மூட்டைக்கு இடமில்லாமல் போயிற்று. அந்த 110 டிகிரிக் காற்றை 60 டிகிரி அளவுக்குக் குளிரச் செய்தால், குளிர்விக்கும் கருவியில் வழியில் ஏற்படும் சிறு அழுத்த இழப்பைக் கழித்த பிறகும், 153 மூட்டை போகும். 136 எங்கே, 153 எங்கே! காற்று நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பங்கு கூடுகிறது. இதைச் செய்வதுதான் இண்டர்கூலர்.

அதைவிட முக்கியமான நன்மை வேறு. உள்ளே போகிற காற்று 50 டிகிரி குளிர்ந்தால் வெளியே வருகிற புகையின் சூடும் ஏறக்குறைய அந்த அளவுக்குக் குறையும். பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். ஆயிலும் சிலிண்டர் சுவரும் சூட்டை இழுத்துக்கொண்டே இருப்பதால்தான் பிஸ்டன் பிழைத்துக் கிடக்கிறது. அந்தச் சமநிலை தவறினால் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். ஆகவே இண்டர்கூலரை இழுவை கூட்டும் கருவி என்று எண்ணுவதைவிட, நீண்ட மேட்டில் என்ஜினைக் காப்பாற்றும் கருவி என்று எண்ணுவதே சரி.

கம்பெனிகளே காட்டிய வழி

இங்கிலாந்தின் லேண்ட் ரோவர் கம்பெனி 1986-இல் தன் 2,495 சி.சி. டீசல் என்ஜினுக்கு டர்போ வைத்தது, இண்டர்கூலர் வைக்கவில்லை. அதன் திறன் 85 குதிரை. கடுமையாக ஓட்டினால் பிஸ்டன் வெடிக்கும் என்ற கெட்ட பெயரும் அந்த என்ஜினுக்கு வந்தது. பின்னர் 1989-இல் டிஸ்கவரி வண்டியிலும் 1990-இல் டிஃபண்டர் வண்டியிலும் வந்த 200 டி.டி.ஐ. என்ஜினும் அதே 2,495 சி.சி.தான். அதில் இண்டர்கூலர் வைத்தார்கள். டீசல் தெளிக்கும் முறையையும் நேரடித் தெளிப்பாக மாற்றினார்கள். டிஃபண்டரில் திறன் 107 குதிரையாக உயர்ந்தது, பெயரும் நிலைத்தது. முழுப் பெருமையும் இண்டர்கூலருக்கே என்று சொல்ல முடியாது என்றாலும், பெரும் பங்கு அதற்கு உண்டு.

ஜப்பானின் டொயோட்டா 1990-இல் லேண்ட் குரூசர் 80 வரிசையில் 4.2 லிட்டர் டர்போ டீசலை இண்டர்கூலர் இல்லாமலே விற்றது. பின்னால் வந்த 100 வரிசையின் 4.2 லிட்டர் என்ஜினுக்கு இண்டர்கூலர் வைத்தது. ஆஸ்திரேலியாவில் அந்தப் பழைய 80 வரிசை வண்டிகளுக்கு இண்டர்கூலரும் 3 அங்குலப் புகைக்குழாயும் பொருத்துவது ஒரு தனித் தொழிலாகவே நடக்கிறது.

இவ்வளவு தூரம் போவானேன்? நம் கடை வாசலில் நிற்கும் டாடா லாரியின் 697 என்ஜினே டி.சி. என்றும் டி.சி.ஐ.சி. என்றும் இரண்டு விதமாக வந்தது. டி.சி. என்றால் டர்போ மட்டும், ஐ.சி. சேர்ந்தால் இண்டர்கூலரும் உண்டு என்று பொருள்.

இண்டர்கூலர் வைப்பதில் கவனிக்க வேண்டியவை

1. இடம். ரேடியேட்டருக்கு முன்னால் வைப்பது ஒரு முறை. என்ஜினுக்கு மேல் வைப்பது இன்னொரு முறை. மேலே வைத்தால் குழாய் குறைவு. ஆனால் பானெட்டில் காற்றுத் திறப்பு இல்லாவிட்டால் என்ஜின் சூடே அதை மேலும் சூடாக்கும். முன்னால் வைத்தால் நல்ல காற்று கிடைக்கும். ஆனால் அதன் வழியாக வரும் சூடான காற்றுதான் ரேடியேட்டருக்குப் போகும்.

2. மின்விசிறி. நெடுஞ்சாலையில் 60, 70 கிலோ மீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று தானே வரும். கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியரில் 15, 20 கிலோ மீட்டர் வேகத்தில் ஏறும்போது எதிர்க்காற்று ஏது? என்ஜின் விசிறி இழுக்கும் காற்றுதான் கதி. ஆகவே நம் வேலைக்கு, விசிறி உறை உடையாமல் முழுமையாக இருப்பதும், தேவையானால் இண்டர்கூலருக்குத் தனி மின்விசிறி வைப்பதும் கட்டாயம்.

3. அளவு. பெரியது எல்லாம் நல்லது அல்ல. மலிவான பெரிய பெட்டி காற்றின் அழுத்தத்தைத் தின்றுவிடும். ஆக்ஸிலரேட்டரை மிதித்த பிறகு வண்டி யோசித்து இழுக்கும். பொருத்திய பின் உள்ளே போகும் அழுத்தத்தையும் வெளியே வரும் அழுத்தத்தையும் மீட்டர் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் 0.1 பாருக்குள் இருந்தால் நல்ல சரக்கு.

4. இணைப்பு. ரப்பர் ஹோஸ், கிளிப் எல்லாம் அழுத்தம் தாங்கும் தரமாக இருக்க வேண்டும். ஒரு கிளிப் கழன்றால் மேட்டின் நடுவே வண்டி கரும்புகை கக்கி நின்றுவிடும்.

5. உங்கள் வண்டியின் அதே என்ஜினுக்குக் கம்பெனியே பிந்தைய மாடலில் இண்டர்கூலர் வைத்திருந்தால், அந்த மாடலின் பாகத்தைத் தேடிப் பொருத்துவதே உத்தமம். அளவு, குழாய், தாங்கி எல்லாம் கம்பெனி சோதித்தவை.

சைலன்சர் மாற்றம்

டர்போ சக்கரத்தைச் சுழற்றுவது அதன் முன்பக்க அழுத்தத்துக்கும் பின்பக்க அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம். பின்னால் குழாய் நெரிந்து அடைத்திருந்தால் புகை தயங்கி நிற்கும், சூடு ஏறும், டர்போ தாமதமாக விழிக்கும். ஆகவே டர்போவுக்குப் பின்னால் வழி எவ்வளவு தாராளமோ அவ்வளவு நல்லது. டர்போவுக்கு முன்னால் உள்ள வார்ப்பு இரும்புப் பகுதியில் கை வைக்க வேண்டாம். அங்கே வெடிப்பு இருக்கிறதா, கேஸ்கட்டில் புகை கசிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

குழாயின் விட்டம் கொஞ்சம் கூடினாலும் வழியின் பரப்பு நிறையக் கூடும். 2 அங்குலக் குழாயை 2½ அங்குலம் ஆக்கினால் பரப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிறது. 3 அங்குலம் ஆக்கினால் இரண்டேகால் மடங்கு. நம் ஊர் இரண்டரை லிட்டர் வகை என்ஜின்களுக்கு 2½ அங்குலமே தாராளம். 3 அங்குலம் நான்கு லிட்டர் வண்டிகளுக்குப் பொருந்தும்.

விட்டத்தைவிட வளைவு முக்கியம். குழாயை வளைக்கும் இடத்தில் நசுங்கினால் 2½ அங்குலமும் 2 அங்குலம் ஆகிவிடும். குறிப்பாக, டர்போவை விட்டு இறங்கும் முதல் வளைவு நசுங்காமல் இருக்க வேண்டும். குழாய்க்கும் பிரேக் பைப், டீசல் பைப், ஒயர் ஆகியவற்றுக்கும் இடைவெளி வேண்டும். இயலாத இடத்தில் தகட்டு மறைப்பு வேண்டும். என்ஜின் ஆடும் அளவுக்குக் குழாயும் ஆட வளையும் இணைப்பு ஒன்று வைக்காவிட்டால் மூன்றே மாதத்தில் வெல்டிங் விட்டுப்போகும்.

சைலன்சரையே எடுத்துவிடுகிற பழக்கம் சிலரிடம் உண்டு. அதனால் சத்தம்தான் லாபம். ஓட்டுநருக்குப் பின்னால் வருகிற லாரியின் ஹாரன் கேட்காது. புகை நேராக ஓடும் நல்ல சைலன்சர்கள் கிடைக்கும்போது இது வேண்டாத வேலை.

இன்னொன்று. புகைக்குழாய் தாராளமானதும் டர்போவின் அழுத்தம் தானாகவே கூடக் கூடும். ஆகவே சைலன்சர் வேலை முடிந்த கையோடு அழுத்த மீட்டர் வைத்து, பழைய அளவுக்கு மேல் போகிறதா என்று பார்த்தே வண்டியை எடுக்க வேண்டும்.

டர்போவையே குளிரவைப்பது

இண்டர்கூலர் காற்றைக் குளிரவைக்கிறது. டர்போவின் தண்டைக் குளிரவைப்பது என்ஜின் ஆயில். சில டர்போக்களில் கூலண்டும் அதைச் சுற்றி ஓடும். பெரும்பாலான பழைய டர்போக்களுக்கு ஆயில்தான் எல்லாம்.

மேடு ஏறி முடித்த உடனே சாவியைத் திருப்பினால், சக்கரம் செந்தணலாக இருக்கும்போது ஆயில் ஓட்டம் நின்றுவிடும். நின்ற ஆயில் கருகிக் கரியாகும். அந்தக் கரி நாளடைவில் ஆயில் வழியை அடைத்துத் தண்டைத் தேய்க்கும். ஆகவே மேடு ஏறி நிறுத்தினால் ஒன்றிரண்டு நிமிடம் மெதுவோட்டத்தில் விட்டுப் பிறகு அணைக்க வேண்டும். இறக்கத்தில் வந்து நிறுத்தினால் அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை, வழியிலேயே ஆறியிருக்கும். காலையில் வண்டியை எடுக்கும்போதும் அரை நிமிடம் ஆயில் ஏறிய பிறகே ஆக்ஸிலரேட்டரை மிதிக்க வேண்டும். இதற்கு ஒரு பைசா செலவில்லை. ஓட்டுநரிடம் காரணத்தோடு சொல்லிவைத்தால் போதும். காரணம் சொல்லாத கட்டளை ஒரு வாரம்தான் நிற்கும்.

பம்ப் திருகு என்னும் பொறி

பெட்ரோல் வண்டியில் ஆக்ஸிலரேட்டர் காற்றைக் கட்டுப்படுத்தும். பழைய டீசல் வண்டியில் அது டீசலை மட்டுமே கட்டுப்படுத்தும். பம்பில் உள்ள திருகைக் கொஞ்சம் திருப்பினால் டீசல் கூடும். வண்டி அன்றைக்கே பறக்கும். காற்று கூடாமல் டீசல் மட்டும் கூடினால் கரும்புகை வரும், சூடு ஏறும். சமவெளியில் ஓரிரு நிமிட வேகத்தில் இது தெரியாது. போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளிலும், கல்லட்டியின் 36 வளைவுகளிலும், கொல்லிமலையின் 70 வளைவுகளிலும் பாரத்தோடு இடைவிடாமல் ஏறும்போது தெரியும்.

நமக்குத் தெரிந்த வணிகர் ஒருவரின் ஜீப்பை ஒரு பட்டறையில் இப்படி ஏற்றிக் கொடுத்தார்கள். ஒரு மாதம் ஊரே மெச்சியது. உர மூட்டைகளோடு மேடு ஏறிய ஒரு நாள் மூன்றாவது சிலிண்டர் பிஸ்டனில் ஓட்டை விழுந்தது. அப்போது மிளகு அறுவடைக் காலம். என்ஜின் வேலை முடிந்து வண்டி வருவதற்குள் சீசன் முடிந்துவிட்டது. பிஸ்டன் செலவைவிட, தோட்டக்காரர்கள் வேறு வியாபாரியிடம் சரக்குப் போடப் பழகிப்போனதுதான் அவருக்கு மீளாத நஷ்டம்.

ஆகவே திருகைத் தொடுவதானால் புகைச்சூடு காட்டும் மீட்டர் ஒன்றை முதலில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் முனை டர்போவுக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் வைத்தால் நூறு டிகிரிக்கு மேலும் குறைத்துக் காட்டும். நீண்ட மேட்டில் 650 டிகிரிக்குள் இருந்தால் நிம்மதி. 700-ஐ நெருங்கினால் காலைத் தளர்த்திக் கீழ் கியருக்கு வர வேண்டும். இந்த மீட்டர் இல்லாமல் பம்பை ஏற்றுவது தராசு இல்லாமல் ஏலக்காய் விற்பதற்குச் சமம்.

எந்த வரிசையில் செய்வது

பல வண்டிகளில் இழுவை குறைந்ததற்குக் காரணம் பழுதே தவிர, கருவி இல்லாத குறை அல்ல. ஆகவே புதியது எதையும் வாங்குமுன் கீழ்க்கண்டவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும்.

முதலாவது: ஏர் ஃபில்டர். தோட்டத் தூசியில் ஓடும் வண்டிக்குப் புத்தகத்தில் உள்ள கெடு பொருந்தாது. ஃபில்டருக்கும் டர்போவுக்கும் இடையில் உள்ள ஹோஸில் வெடிப்பு இருந்தால் தூசி நேராக டர்போவைத் தின்னும்.

இரண்டாவது: டர்போவுக்குப் பின் உள்ள காற்றுக் குழாய் இணைப்புகள். ஆயில் பிசுக்கு படிந்த இடத்தில் காற்று கசிகிறது என்று அறியலாம்.

மூன்றாவது: டர்போ தண்டு. என்ஜின் ஆறிய பின் கையால் ஆட்டிப் பார்த்தால் பக்கவாட்டில் இம்மியளவு ஆட்டம் இருக்கும், அது இயல்பு. முன்னும் பின்னுமாக ஆடினாலோ, இறக்கை கூட்டில் உரசினாலோ வேலை வந்துவிட்டது.

நான்காவது: நாசில். பம்ப் நாசில் கடையில் அழுத்தம் சோதித்துச் சரிசெய்தாலே பாதி வண்டிகளில் கரும்புகை அடங்கும். புகையின் நிறம் ஒரு பாடம்: கறுப்பு என்றால் டீசல் அதிகம் அல்லது காற்றுக் குறைவு, நீலம் என்றால் ஆயில் எரிகிறது, சூடான பின்னும் வெள்ளை என்றால் டீசல் எரியாமல் போகிறது அல்லது தண்ணீர் உள்ளே போகிறது.

ஐந்தாவது: ரேடியேட்டர். உப்புத் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருந்தால் உள்ளே சுண்ணாம்பு கட்டியிருக்கும். கழற்றிச் சுத்தம் செய்து, இனிமேல் கூலண்ட் மட்டும் ஊற்ற வேண்டும். மூடியை அலட்சியம் செய்யாதீர்கள். உதகை உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதிக்கும். அழுத்தம் தாங்கும் மூடிதான் அந்தக் கொதிநிலையை உயர்த்தி வைக்கிறது. சூடு ஏறுகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் தவறான வைத்தியம்.

ஆறாவது: இவை எல்லாம் சரியான பிறகும் குறை இருந்தால் புகைச்சூடு மீட்டரும் காற்றழுத்த மீட்டரும். ஏழாவது: சைலன்சர் குழாய். எட்டாவது: இண்டர்கூலர். முதல் ஐந்தோடு பலருக்கு வேலை முடிந்துவிடும் என்பது என் அனுபவம்.

செய்யக் கூடாத வண்டிகள்

டர்போ இல்லாமலே கம்பெனியிலிருந்து வந்த பழைய ஜீப்புகளுக்கு, உதாரணமாக 2,112 சி.சி. பெஜோ வகை என்ஜின் கொண்ட மஹிந்திரா எம்.எம். 540 போன்றவற்றுக்கு, புதிதாக டர்போ பொருத்துவது வேறு விஷயம். அந்தப் பிஸ்டனும் ஹெட் கேஸ்கட்டும் அந்த அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அதேபோல, ஆயில் குடிக்கிற, கம்ப்ரஷன் குறைந்த என்ஜினுக்கு இண்டர்கூலர் வைப்பது ஓட்டைச் சாக்குக்குப் புது முத்திரை குத்துவது போன்றது. கிளட்ச், பிரேக், கியர்பாக்ஸ் பழையதாக இருக்க இழுவையை மட்டும் கூட்டுவதும் ஆபத்து. மேட்டில் வேகமாக ஏறுகிற வண்டி பாரத்தோடு இறங்கியும் வர வேண்டும். அதில் நம்மை நம்பி ஒரு ஓட்டுநர் இருக்கிறார்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி குறித்துக் கொடுத்த விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

ஆகவே தேய்ந்த சைலன்சருக்குக் கம்பெனி அளவிலேயே புதியது போடுவதில் சிக்கல் இல்லை. பெரிய குழாய், இண்டர்கூலர் என்று போனால், வேலை தொடங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுதிக் கேட்டு எழுத்திலேயே பதில் வாங்குங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் கடிதம் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். விபத்து நடந்த பிறகு சர்வேயர் கண்டுபிடித்தால் கிளெய்ம் தகராறு ஆகும். வாய்ப்பேச்சு கணக்கில் ஏறாது என்பதை வணிகர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

புகைச் சோதனையும் உண்டு. பி.எஸ். 4-க்கு முந்தைய டீசல் வண்டிகளுக்குப் புகை அடர்த்தி 65 அலகுக்கு மிகக் கூடாது, பி.எஸ். 4 வண்டிகளுக்கு 50. பம்பை ஏற்றிய வண்டி இதில் தேறுவது கடினம். சொந்த உபயோக வண்டிக்கு 15 ஆண்டு முடிந்ததும் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், அப்போது வண்டியை நேரில் பார்ப்பார்கள். வாடகைப் பதிவுள்ள வண்டிக்கு எட்டு ஆண்டுக்குப் பின் ஆண்டுதோறும் எப்.சி. உண்டு.

கணக்குப் பார்ப்போம்

டீசல் மிச்சமாகும் என்று சொல்லி விற்கிறார்கள். அதையும் பேனா எடுத்துப் பார்த்துவிடலாம். மாதம் 150 லிட்டர் டீசல் போடுகிற வண்டியில் நூற்றுக்கு 4 மிச்சம் என்றே வைத்துக்கொள்வோம். மாதம் 6 லிட்டர். ஆண்டுக்கு 72 லிட்டர். அந்த 72 லிட்டரின் விலையையும் இண்டர்கூலர், குழாய், கூலி ஆகியவற்றின் மொத்தச் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். முதல் திரும்ப எத்தனை ஆண்டு ஆகும் என்பது தெரிந்துவிடும். அத்தனை ஆண்டு அந்த வண்டியை வைத்திருப்பீர்களா என்பதே அடுத்த கேள்வி.

டீசல் மிச்சத்துக்காக மட்டும் இதைச் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. வாரம் பல தடவை பாரத்தோடு நீண்ட மேடு ஏறுகிற, உடம்பு நன்றாக இருக்கிற, இன்னும் ஐந்தாறு ஆண்டு வைத்துக்கொள்ளப் போகிற வண்டிக்கு இது தகுந்த செலவு. ஏனெனில் அங்கே மிச்சமாவது டீசல் அல்ல. பிஸ்டன், ஹெட் கேஸ்கட், டர்போ, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சீசன். சமவெளியில் கடைக்கும் குடோனுக்கும் நடுவே ஓடுகிற வண்டிக்கு இது தேவையில்லாத செலவு. நாசிலையும் ஃபில்டரையும் பார்த்தால் போதும்.

காற்றைக் கூட்டுங்கள், சூட்டைக் குறையுங்கள், டீசலைக் கடைசியாகத் தொடுங்கள். அளந்து பார்க்காமல் எதையும் செய்யாதீர்கள். அளவும் எடையும் நம் தொழிலின் அறம். அது வண்டிக்கும் பொருந்தும்.